எந்தத் தேதியில் வருகிறீர்கள்?

புதுச்சேரியைப் படமெடுக்க வரும் இளைஞர்கள் என்னிடம் பெரும்பாலும் தெருப் பெயர்களைத்தான் கேட்கிறார்கள். எந்தத் தெருவில் மஞ்சள் சுவர் எடுப்பாக இருக்கும், எந்த வாசலில் காகிதப்பூ கொட்டிக் கிடக்கும், காலையில் எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே அந்தச் சில தெருக்களில் கல்யாண ஜோடிகள் கேமராவுக்கு முன் முறை போட்டு நிற்கிறார்கள். சுவர்கள் அழகுதான். ஆனால் இந்த ஊர் மக்களின் வாழ்க்கையை எடுக்க வேண்டும் என்று சொல்கிறவரிடம் நான் தெருவைப் பற்றிப் பேசுவதில்லை. எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று கேட்கிறேன்.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸோன் 1950 ஏப்ரலில் இங்கே வந்தார். அந்த மாதம் 14ஆம் தேதி இரவு ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர், அங்கிருந்து பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அரவிந்தர் அப்போது வெளியே வருவதே இல்லை. ஆண்டுக்கு நான்கு நாள்தான் தரிசனம்: பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24. அந்த ஏப்ரல் 24ஆம் தேதிக்கு கார்த்தியே-பிரெஸோன் கேமராவோடு இங்கே இருந்தார். அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னையிடம் அனுமதியும் வாங்கியிருந்தார். பல்லாண்டுகளாக யாரும் படமெடுத்திராத அரவிந்தரின் முதிய முகம் இன்று நமக்குத் தெரிகிறது என்றால் அதற்கு அந்தப் படங்கள்தான் காரணம். அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று அரவிந்தர் மறைந்துவிட்டார். நெகட்டிவ்களைப் பிறகு ஆசிரமமே விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. தேதி, அனுமதி, எடுத்த படம் யாரிடம் போய்ச் சேர்கிறது என்ற கேள்வி, மூன்றும் அந்த ஒரே பயணத்தில் இருக்கின்றன.

ஊர் வாழ்க்கைக்கும் தரிசன நாள்கள் உண்டு. என்னைக் கேட்டால் முதலில் மாசி மகத்தைச் சொல்வேன். மயிலம் முருகன், தீவனூர் விநாயகர், மேல்மலையனூர் அங்காளம்மன் என்று வெளியூர்ச் சாமிகளெல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார்கள். ஒரு பக்கம் மணலில் உட்கார்ந்து இறந்தவர்களுக்குத் தர்ப்பணம் கொடுக்கிறார்கள். இன்னொரு பக்கம் பலூன், கரும்புச் சாறு, தொலைந்த பிள்ளையைத் தேடும் ஒலிபெருக்கி. கடலைப் பார்த்துச் சாமியும், சாமியைப் பார்த்து மனிதர்களும் நிற்கும் அந்தக் காலையில் கேமராவைச் சாமியிடமிருந்து மனிதர்கள் பக்கம் திருப்புகிறவரே குறைவு. காரைக்கால் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: திருமலைராயன்பட்டினத்துக்கு வரும் திருக்கண்ணபுரம் பெருமாளை மீனவர்கள் தங்கள் வீட்டு மாப்பிள்ளையாகவே வரவேற்கிறார்கள். மாப்பிள்ளை வரும்போது மாமனார் வீட்டு முகம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? அதைத்தான் எடுக்க வேண்டும்.

ஆடி வெள்ளியில் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த தேரை இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கி வைக்கிறார். ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாளையொட்டி, பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற தமிழர்கள் பதக்கம் அணிந்து வருவார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் வேறு மாதிரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகுகள் கரையேறி நிற்கும், அடிப்பலகை மாற்றுவார்கள், வண்ணம் பூசுவார்கள், நிழலில் கூட்டமாக உட்கார்ந்து வலை தைப்பார்கள். படத்துக்கு இதைவிட நல்ல வெளிச்சமும் வேலையும் கிடைக்காது. ஆனால் வருமானம் நின்று கடன் ஏறும் மாதங்களும் அவைதான். அது தெரியாமல் எடுத்த படத்தில் அந்த மனிதர்கள் ஓய்வெடுப்பது போலத்தான் தெரிவார்கள்.

இத்தாலியத் தீவுகளுக்குப் போகத் திட்டமிடும் நண்பர்களுக்கும் தேதி பார்த்துப் போங்கள் என்றே சொல்கிறேன். புரோசிதா தீவின் வண்ண வீடுகள் நம்முடைய மஞ்சள் சுவர் மாதிரிதான்; எல்லாக் கேமராவும் அங்கேதான் போகிறது. அந்தத் தீவுக்காரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் புனித வெள்ளி ஊர்வலத்துக்குப் போக வேண்டும். சிசிலியில் பிறந்த பெர்டினாண்டோ ஷான்னா, 1965இல் வந்த தம் நூலில் தம் தீவின் சமயத் திருவிழாக்களைத்தான் எடுத்திருந்தார். எந்த நாளில் எந்தத் தெருவில் நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வெளியூர்க்காரர் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்பது என்றால் குப்பங்களில் முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. மீன் ஏலம் நடக்கும்போது குறுக்கே போய் நிற்கக் கூடாது. கூடைக்காரப் பெண்களுக்கு அந்தச் சில நிமிடங்கள்தான் அன்றைய நாளின் கணக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு குப்பங்களுக்கு வந்த கேமராக்களைப் பற்றி ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "எல்லாரும் வந்து எடுத்துக்கிட்டுப் போனாங்க தம்பி. எங்க வூட்ல இருந்த போட்டோவெல்லாம் தண்ணி கொண்டுபோயிடுச்சு. எம் மவன் மொகத்தப் பாக்கக்கூட ஒண்ணு இல்ல." அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அதன் பிறகு, பிரதி கொடுக்காமல் ஒருவரைப் படமெடுப்பது முடியாததாகிவிட்டது.

தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களில் எடுத்த குடும்பப் படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிச் சேகரித்து மின்னுருவாக்கி வைத்திருக்கிறது. அந்தப் படங்களில் இருப்பவர்கள் காசு கொடுத்து, நல்ல துணி உடுத்தி, தாங்கள் விரும்பியபடி நின்றவர்கள். ஊர் மக்கள் தங்களை எப்படிப் பார்க்க விரும்பினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? நாம் தெருவில் எடுக்கும் படங்களுக்குப் பக்கத்தில் அவற்றையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே என் யோசனை இதுதான். மாசி மகத்துக்கு ஒரு வாரம் முன்பே வாருங்கள். முதல் சில நாள் வைத்திக்குப்பத்தில் டீ குடித்துக்கொண்டு பேசிப் பழகுங்கள். பெரிய மார்க்கெட்டுக்குள் மீன், பூ, காய் விற்கும் வரிசைகளை வெறுங்கையோடு சுற்றி வாருங்கள். மகத்தன்று எடுங்கள். எடுத்த மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். இங்கேயே ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, யார் யார் முகம் இருக்கிறதோ அவர்கள் வீட்டுக்கு நடந்துபோய்க் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பயணத்தில் அதற்கென்று இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்க வேண்டியிருக்கும். அறை வாடகையையும் அப்படியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.