ஒரு ராத்திரிக் கம்பெனி

கான்சாபுரம்,
பங்குனி மாதம், விடிகாலை

அன்புள்ள நண்பருக்கு,

ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை இன்னும் கறுப்பாகத்தான் நிற்கிறது. அடிவாரத்துத் தென்னந்தோப்புகள் மட்டும் துலங்கத் தொடங்கியிருக்கின்றன. அம்மன் கோயில் பொங்கலுக்காகப் போட்ட மேடையில் இப்போது படுதாவைச் சுருட்டுகிறார்கள். நேற்று இங்கே வள்ளி திருமணம் நடந்தது.

போன மாதம் உங்கள் ஒத்திகைக் கூடத்தில் நீங்கள் கேட்ட கேள்வியோடுதான் இங்கே வந்தேன். மூன்று மாதம் ஒத்திகை பார்த்தும் முதல் காட்சியில் கை நடுங்குகிறதே, ஒத்திகையே பார்க்காமல் இவர்கள் எப்படி எட்டு மணி நேரம் நாடகம் போடுகிறார்கள் என்று கேட்டீர்கள். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. நேற்று மேடைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து பார்த்ததில் கொஞ்சம் தெரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாக வந்து சேர்ந்தேன். ஊர்ப் பெயர் கான்சாகிபு என்ற யூசுப் கானிடமிருந்து வந்தது என்கிறார்கள் இங்குள்ள பெரியவர்கள். 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட அதே கான்சாகிபு. பிளவக்கல் அணைத் தண்ணீர் பாயும் பக்கம் என்பதால் வழியெல்லாம் வயலும் தோப்பும்.

இரவு எட்டு மணி இருக்கும். கோயிலுக்குப் பின்னால் ஓலைத் தடுப்பு கட்டிய இடத்துக்கு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். நாரதர் மதுரைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். முருகனாக வரும் ராஜபார்ட் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். முந்தின நாள் நாடகத்தை முடித்துவிட்டுத் தூங்காமல் வந்திருந்தார். வள்ளியும் டான்ஸ் ஆடும் பெண்ணும் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். இவர்களில் சிலர் ஒருவரையொருவர் முதல்முறை பார்ப்பதே அப்போதுதான். நாடக இயக்குநர் என்று யாரும் கிடையாது. ஒவ்வொரு நடிகரிடமும் தனித்தனியாக டேட் வாங்கி, அட்வான்ஸ் கொடுத்து, போட்டோ போட்டு நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள் ஊர்க்காரர்கள். ஒவ்வொருவரும் தனியே அமர்த்தப்பட்டவர் என்பதால்தான் இதற்கு ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பேர். ராத்திரி பத்து மணிக்குப் பிறக்கும் கம்பெனி, பொழுது விடிந்ததும் கலைந்துவிடும்.

அந்தக் கம்பெனிக்கு ஒரு தலைவர் உண்டென்றால் அவர் ஹார்மோனியக்காரர்தான். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கால் பெடல் ஹார்மோனியத்தின் மூடியை வேட்டித் தலைப்பால் துடைத்துவிட்டு, முகத்துக்கு முத்துவெள்ளை பூசிக்கொண்டிருந்த வள்ளியைப் பார்த்துக் கேட்டார்:

“எத்தனை கட்டைத்தா பாடுவ?”

“அஞ்சரைண்ணே.”

“அஞ்சுல வச்சுக்குவோம். மூணு மணிக்குத் தர்க்கம் இருக்கு. தொண்டை தாங்கணும்ல?”

அவள் தலையாட்டினாள். சுருதி முடிவாகிவிட்டது. நண்பரே, நீங்கள் மூன்று மாதம் பார்க்கிற ஒத்திகை அங்கே அவ்வளவுதான்.

பத்தரைக்கு ஹார்மோனியக்காரர் சாமி பாட்டுப் பாடித் தொடங்கினார். பக்கத்தில் மிருதங்கம். அதற்கடுத்து ‘ஆல்ரவுண்ட்’ வாசிப்பவர்: ஜால்ரா, டிரம், மணி என்று சத்தம் எழுப்பும் எல்லாம் அவர் கைக்குள். பிறகு பபூன் வந்து ஊரைச் சிரிக்கவைத்தார். டான்ஸ் பெண் வந்து ஆடினாள். நோட்டீஸில் இல்லாத ஒன்றும் நடந்தது: ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி, அன்பளிப்புக் கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசித்தார்கள். வாசித்து முடிக்கிற வரைக்கும் அந்தப் பெண் உயர்த்திய கையை இறக்காமல் நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

வள்ளி மேடையேறும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. தினைப்புனத்தில் குருவி விரட்டுகிறாள், நாரதர் வருகிறார், தர்க்கம் தொடங்குகிறது. இந்தத் தர்க்கம்தான் ஸ்பெஷல் நாடகத்தின் உயிர். பாடல்களும் கதைப்போக்கும் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்தவை. ஆனால் இடையில் வருகிற கேள்வி பதில் அவரவர் சரக்கு. நாரதர் கேட்பதற்கு வள்ளி பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் முன்வரிசைப் பெரியவர்கள் விடமாட்டார்கள்.

மூன்று மணிக்கு மேல் நாரதர் புராணத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டார். வழக்கமாக வருகிற கேள்வி இல்லை போலிருக்கிறது. வள்ளி வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. நான்கைந்து நொடிதான் இருக்கும். பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது ஒரு யுகமாகத் தெரிந்தது. ஹார்மோனியக்காரர் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஏதோ ஒரு விருத்தத்தின் மெட்டை மெல்லத் தொட்டார், இரண்டு ஸ்வரம், மூன்று ஸ்வரம். அவ்வளவு போதும், அவள் பிடித்துக்கொண்டாள். பாடிக்கொண்டே பதிலுக்கு வந்து, பதிலோடு நிற்காமல் நாரதரைத் திருப்பி ஒரு கேள்வியும் கேட்டுவிட்டாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. நாரதரே கைதட்டினார். மிருதங்கக்காரர் ஒரு தீர்மானம் வைத்து முடித்தார்.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்த நான்கைந்து நொடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒத்திகை இல்லை என்று நாம் சொல்வது தப்பு. நூறு வருஷத்து ஒத்திகை அவர்கள் தொண்டையில் இருக்கிறது. தூத்துக்குடிச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் நெட்டுருப்போட வைத்தார். 1922இல் அவர் போய்விட்டார். இப்படிச் சிறுவர்களை வைத்து நடந்த பாய்ஸ் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. நாடகம் மட்டும் இவர்கள் வாயில் தங்கிவிட்டது. எந்த ஊர் நாரதரும் எந்த ஊர் வள்ளியும் ஒரே மேடையில் ஏறிவிட முடிகிறது என்றால், பாடம் ஒன்று, மெட்டு ஒன்று என்பதால்தான். விட்ட இடத்தை நிரப்ப ஹார்மோனியத்தில் ஒரு காது விழித்திருக்கிறது.

இந்த மண்ணில் வள்ளி திருமணம் என்றால் நடிகர் விசுவநாததாஸை நினைக்காமல் இருக்க முடியாது. பக்கத்துச் சிவகாசியில் 1886இல் பிறந்தவர். மருத்துவர் எனப்படும் நாவிதர் குலத்தில் பிறந்தவர் என்பதைச் சொல்லி அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் உண்டு. அவர் குரலை அதனால் அடக்க முடியவில்லை. வெள்ளைக்காரனைக் கொக்காக்கி மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டை இதே நாடகத்தில் பாடி, மேடையிலிருந்தே கைதாகிப் பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31, சென்னையில் முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. நேற்று நம் ராஜபார்ட் மயிலேறி உட்கார்ந்த நேரத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அந்தப் பாஸ்கரதாஸின் பேரர்தான் கோவில்பட்டியில் ‘மணல்மகுடி’ நாடகக் குழுவை நடத்தும் முருகபூபதி. எழுத்தாளர்கள் தமிழ்ச்செல்வன், கோணங்கியின் தம்பி. நீங்கள் ‘செம்மூதாய்’, ‘மிருகவிதூஷகம்’ பற்றியெல்லாம் பேசியிருக்கிறீர்கள். தாத்தாவின் நாட்குறிப்புகளைத் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கியவரும் இவரே. அந்தக் குழுவின் வழி வேறு: ஓரிடத்தில் கூடியிருந்து, மாதக்கணக்கில் உடம்பையும் குரலையும் பழக்குகிற வழி. ஆனாலும் ஒரு வேரிலிருந்துதான் இரண்டு கிளையும். நவீன நாடகக்காரர்கள் ஸ்பெஷல் நாடகத்தைப் பழைய சரக்கு என்று தள்ளும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் ஒருமுறையாவது இங்கே வந்து அந்த ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். டான்ஸ் பெண் தன் ஆட்டம் முடிந்ததும் சால்வையால் முக்காடு போட்டுக்கொண்டு தடுப்பின் மூலையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நைலான் பை, அதற்குள் மகளுக்கு வாங்கிய நோட்டுப் புத்தகங்கள். “மேடையில பாத்துக் கைதட்டுவாங்க. நாடகக்காரின்னு தெரிஞ்சா வாடகைக்கு வீடு தரமாட்டாங்கண்ணே” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. 2020இல் ஊரடங்கு வந்தது இதே பங்குனியில்தான். மாசியில் தொடங்கிச் சித்திரை, வைகாசி என்று போகிற பருவத்துச் சம்பாத்தியத்தில்தான் மழைக்காலத்தையும் ஓட்ட வேண்டும். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் டேட்டெல்லாம் ரத்தாகி, தோப்பில் தேங்காய் பொறுக்கப் போனதாகச் சொன்னாள். கலையைப் போற்றுகிறோம் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இவளுக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுத்தால் போதும்.

கிழக்கு வெளுக்கும்போது கல்யாணம் நடந்தது. குழந்தைகள் மணலிலேயே தூங்கிப்போயிருந்தார்கள். கிழவிகள் மட்டும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. மாலை மாற்றும்போது எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

மங்களம் பாடிப் பத்து நிமிஷத்துக்குள் அந்தக் கம்பெனி கலைந்துவிட்டது. முருகன் அடிகுழாயில் முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். நாரதர் எனக்குப் பக்கத்தில்தான் டீ குடித்தார். ஹார்மோனியத்தைப் பெட்டியில் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் வந்து வள்ளி சொல்லிக்கொண்டாள்.

“வர்றேண்ணே. அந்த விருத்தம் எனக்கு மறந்தே போச்சு.”

“எனக்கு மறக்கலைல்ல. நாளைக்கு எங்கத்தா?”

“சாத்தூர் பக்கம்ணே. உங்களுக்கு?”

“திருமங்கலம்.”

வத்திராயிருப்பு பஸ் வந்துவிட்டது. அவள் கன்னத்தோரம் ரோஸ் பவுடர் இன்னும் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் துடைத்துக்கொண்டே போனாள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்