தியேட்டருக்கு இன்னும் எத்தனை வாரம்?



"சார், சினிமா இனி அவ்வளவுதானா?" என்று போன வாரம் பழைய மாணவன் ஒருவன் கேட்டான். செட் போடும் தச்சு வேலை அவனுக்கு. நம் சென்னீர்குப்பத்தைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிற ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில்தான் பெரும்பாலும் வேலை. முன்பு பிள்ளைகள் ராட்டினம் ஏறிய பொழுதுபோக்குப் பூங்கா அது. பிறகு 'காலா'வுக்காகத் தாராவியே அங்கு எழுந்தது. பிக் பாஸ் வீடும் அங்கேதான். 2020 பிப்ரவரியில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் உயிரிழந்ததும் அங்கேதான்.

டிவியோ ஓடிடியோ, எதுவானாலும் செட் போட ஆள் வேண்டுமே, வேலை நிற்காது என்றேன். "கிராபிக்ஸ் வந்து அதுவும் குறையுது சார்" என்றான். அதுவும் உண்மைதான். ஆனால் என் கவலை தியேட்டரைப் பற்றியது.

1975இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தபோதே தியேட்டர் ஒழிந்தது என்றார்கள். அடுத்து வாடகை டெக், அதற்கடுத்து கேபிள். எல்லாவற்றையும் தியேட்டர் தாங்கியது. காரணம், டிவியில் வந்தது பழைய படம். புதுப்படம் பார்க்க டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். 2012இல் 'விஸ்வரூப'த்தை முதலில் டி.டி.எச்.சில் காட்டப் போவதாகக் கமல் சொன்னபோது தியேட்டர்காரர்கள் எப்படிக் கொதித்தார்கள், நினைவிருக்கிறதா?

கொரோனா அந்த வேலியைப் பிரித்துவிட்டது. 2020 நவம்பர் 10 அன்று தமிழ்நாட்டில் தியேட்டர்கள் திறந்தன. இரண்டே நாளில் 'சூரரைப் போற்று' நேராக அமேசானில் வந்தது. அடுத்த பொங்கலுக்கு 'மாஸ்டர்'. பாதி இருக்கைக்குத்தான் அனுமதி, ஆனாலும் கூட்டம். ஜனவரி 13 தியேட்டரில் வந்த படம், 29ஆம் தேதி செல்போனில்! இப்போது பெரும்பாலும் நான்கு வாரம். எட்டு வாரம் வேண்டும் என்கிறார்கள் தியேட்டர்காரர்கள்.

பெரிய நடிகர் படம் முதல் வாரத்திலேயே போட்ட பணத்தை ஓரளவு எடுத்துவிடும். அடிபடுவது சின்னப் படம். நாலு பேர் நன்றாயிருக்கிறது என்று சொல்லி, அதன் பிறகுதான் கூட்டம் வரும். அதற்குள் "போனில் வந்துவிடும், பொறு" என்கிறோம். தியேட்டரில் ஓடாத படத்தை ஓடிடிக்காரர்களும் இப்போது எளிதில் வாங்குவதில்லை. பாவம், அது எங்கே போகும்?

என் அக்காவுக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது. ஓடிடி இல்லையென்றால் அவருக்குப் புதுப்படமே இல்லை. அதனால் அதைத் திட்ட எனக்கு மனமில்லை. எட்டு வாரம் கேட்பது நியாயம்தான். ஆனால் அப்படிக் கேட்கிறவர்கள் டிக்கெட்டைவிடப் பாப்கார்னை அதிக விலைக்கு விற்கக் கூடாது. நான்கு பேர் குடும்பம் எப்படி வரும்?

உங்களில் சினிமா, தியேட்டர் வேலையில் இருப்பவர்கள் கமெண்டில் எழுதுங்கள். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் சின்னப் படத்துக்கு இரண்டாவது வாரமும் மாலைக்காட்சி தருகிற தியேட்டர் எது? சொன்னால் நானும் வருகிறேன்.