ஐந்து ஆறு தாண்டி

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோ மீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகள்! ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போயிருந்தோம்.

அம்மா கல்யாணத்துக்கு முன் ஏழு வருஷம் பாட்டுக் கற்றவள். "குடும்பப் பெண்ணுக்குப் பாட்டு எதற்கு?" என்று புக்ககத்தில் கேட்டார்களாம். அன்றோடு நிறுத்திவிட்டாள்.

ஐயாறப்பரைத் தரிசித்துவிட்டுக் காவிரிக் கரையில் தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்கு வந்தோம். சுவாமிகள் மறைந்தது 1847-ல். சமாதிக்குக் கோயில் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், தம் சொந்தப் பணத்தில். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாட அன்று இடமில்லை! அம்மையார் சோர்ந்துவிடவில்லை. 1927-ல் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1952-ல் மறைந்த அவருடைய சிலை, சுவாமிகளின் சந்நிதியைப் பார்த்தபடி இருக்கிறது.

இதை என் பெண்ணுக்குச் சொல்லி முடித்தேன்.

"பாட்டி, நீயும் பாடேன்!" என்றாள் அவள்.

அம்மா இங்குமங்கும் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில் ஒரு கீர்த்தனையை எடுத்தாள். இரண்டு இடத்தில் குரல் கம்மியது, தாளம் தப்பவில்லை. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டிலும் பாட்டை நிறுத்திய பாட்டி இருக்கிறாளா? ஒரு நாள் திருவையாற்றுக்கு அழைத்துப் போய் வாருங்கள்.