நான்காவது நடை

மைலோ டின் ஒன்றை என் மேசைமேல் வைத்தார் அவர். மலேசியாவின் தெலுக் இந்தானில் நான் வழக்கறிஞர் தொழில் தொடங்கிய புதிது. அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ரப்பர் தோட்ட லயத்தில் பிறந்தவர். பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்தபோது லோரி ஓட்டப் பழகியவர்.

அந்த ஆண்டு நவம்பரில், கொட்டும் மழையில், செம்பனைக் குலை ஏற்றிய அவருடைய லோரி ஒரு வளைவில் சறுக்கி, எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞனை இடித்துவிட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டான், ஆனால் கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், பிரிவு 42. அபாயகரமாக ஓட்டிய குற்றம்.

“தப்பு என்னோடதுதான் சார். ஒத்துக்கிறேன், முடிச்சு விடுங்க.”

“அவசரப்படாதீங்கண்ணே. அன்னிக்கு எத்தனாவது நடை?”

“நாலாவது.”

டின்னைத் திறந்தேன். உள்ளே செம்பனை ஆலையின் எடைச் சீட்டுகள். டன் கணக்கில் கூலி என்பதால், கணக்குக் குறைந்தால் காட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருக்கிறார். விபத்து நடந்த நாளின் சீட்டுகளை வரிசையாக அடுக்கினேன். அனுமதி 13 டன். முதல் நடை 16, அடுத்தது 17, மூன்றாவதும் 17. நான்காவது சீட்டு இல்லை. அந்த நடை ஆலைக்குப் போய்ச் சேரவே இல்லை.

வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். மழை பெய்தால் தோட்டத்துப் பாதை சேறாகி எல்லாம் தாமதமாகும். அந்தத் தாமதத்தை ஈடுகட்ட வேண்டியது ஓட்டுநர்தான். இங்கே நிலம் தாழ்வு. சதுப்பு மண்மேல் போட்ட சாலை லோரிக் கனத்தில் அமுங்கிப் பள்ளம் விழும், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். அதில் நான்கு டன் கூடுதல் சுமையோடு பிரேக் அடித்தால் வண்டி எங்கே நிற்கும்?

ஆனால் அந்தச் சீட்டுகளை நான் நீதிமன்றத்தில் வைக்கவில்லை. வைத்தால் முதலில் மாட்டுவது அவர்தான். அதிக எடை என்று தெரிந்தே மழையில் ஓட்டினார் என்பதற்கு அவையே சாட்சி. போலீஸ் வரைந்த ‘ராஜா காசார்’ என்ற விபத்து இட வரைபடத்தில் டயர்த் தடம் இருந்தது, வளைவு இருந்தது, எடை இல்லை. அரசுத் தரப்புக்கு மனு எழுதினேன். குற்றச்சாட்டு பிரிவு 43க்கு, கவனக்குறைவுக்குக் குறைந்தது. ஒப்புக்கொண்டார், அபராதம் கட்டினார். வெளியே வந்ததும், ஊன்றுகோலோடு நின்ற அந்த இளைஞனின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார்.

எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை என்னால் முழுமனதோடு ஏற்க முடியவில்லை. நான் அவரைக் காப்பாற்றிய வழியே, எடையை முடிவு செய்தவரையும் காப்பாற்றிவிட்டது.

2025 மே 13ஆம் தேதி காலை, இங்கே சித்ரா பௌர்ணமி ஊர்வலக் காவலை முடித்துக்கொண்டு ஈப்போ திரும்பிய கலகத் தடுப்புப் போலீஸாரின் வண்டியும் கல் ஏற்றிய லோரியும் ஜாலான் சிக்குஸ் – சுங்கை லம்பாமில் மோதின. ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். அந்த லோரியும் அனுமதித்ததைவிட அதிக எடை ஏற்றியிருந்தது என்று செய்தி வந்தபோது, அந்த டின் என் கண்முன் வந்து நின்றது.

அந்த வழக்கில் யார் குற்றவாளி என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. என் வழக்கில் நான் கற்றது வேறு. ஸ்டேரிங்கைப் பிடித்த கையைச் சட்டம் உடனே கண்டுபிடித்துவிடும். ஏற்றச் சொன்ன வாயைத் தேடிப் போக வேண்டும். ஒவ்வொரு விபத்திலும் எடைச் சீட்டைப் போலீஸே ஆலையிலிருந்து, கல் குவாரியிலிருந்து கைப்பற்ற வேண்டும். ஓட்டுநர் தன் டின்னைத் திறந்து தன்னையே காட்டிக்கொடுத்தால்தான் உண்மை வெளிவரும் என்ற நிலை இருக்கக்கூடாது.

இன்று லோரி ஓட்டுநர் யார் வந்தாலும் வேகத்தைப் பற்றி நான் முதலில் கேட்பதில்லை. “எத்தனை டன் அண்ணே? ஏத்தச் சொன்னது யாரு?” என்றுதான் கேட்கிறேன்.