அளவை முன், ஆராய்ச்சி பின்

ஒரு பொருளைத் துணிதற்கு முன் அதனைத் துணியுங் கருவியைத் தெளிதல் வேண்டும் என்பது நம் ஆசிரியர் மரபு. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார்ச் சுபக்கத்துள் முதற்சூத்திரத்திற்கு முன்னரே அளவையிலக்கணத்தை வைத்தருளியது இக்கருத்துப் பற்றியே என்க. திருமடத்துப் பாடசாலையில் யான் பயின்ற காலத்து, பதியிலக்கணங் கேட்க விரைந்த எம்மை எம் ஆசிரியர் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றிலே பன்னாள் நிறுத்திவைத்தனர். அதன் பயனை, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவரது ஆராய்ச்சி வாயிலாக மீண்டுங் கண்டேன்.

அவர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்கு முயல்பவர். அறுபத்துமூன்று நாயன்மார் காலம் என்பது அவர் முதற்கொண்ட பொருள். நாயன்மார் அனைவரும் வரலாற்றாசிரியர் கூறுங் காலத்திற்கு மிக முற்பட்டவர் என நாட்டுதல் அவர் உட்கோள். முடிபு முன்னரே ஆயத்தமாயிருந்தது. ஏதுக்களைத் தேடுதலே எஞ்சிநின்றது. "தம்பி, இது வழக்குரைத்தல், ஆராய்தல் அன்று. ஒருவர் காலத்தையேனும் அளவைகொண்டு பாரும்," என்றேன்.

அவர் திருஞானசம்பந்தரை எடுத்துக்கொண்டார். சான்றுகளைச் சுவாமிகள் திருவாக்கு, பிற்கால நூல், பட்டயம் என மூவகையாகப் பகுத்தார். சிறுத்தொண்டரைச் சுவாமிகள் தம் திருச்செங்காட்டங்குடிப் பதிகத்திற் பாடியுள்ளார். இஃது உடன்வாழ்ந்தார் கூற்று. பல்லவ வேந்தன் நரசிங்கவர்மன் வாதாபியை அழித்தமையை அவன் பெயரன் பரமேசுவரவர்மனது கூரம் செப்பேடு கூறும். அது நிகழ்ந்தது கி.பி. 642 என்பர். அப்போரிற் படை நடத்தியவர் சிறுத்தொண்டரே எனப் பெரியபுராணங் கூறும். இம்மூன்றனையும் இயைத்தே சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டெனக் கருதலளவையாற் பெறப்படும்.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. தேவாரம் அடியார் பெயரைத் தருகின்றது; செப்பேடு அரசன் வெற்றியைத் தருகின்றது; இரண்டனையும் பிணைப்பது, இரண்டாங் குலோத்துங்கன் (1133-1150) காலத்துச் சேக்கிழார் வாக்கேயாம். இடையிட்ட காலம் சற்றேறக்குறைய ஐந்நூறு ஆண்டு. இதனை உணர்ந்தவுடன் மாணவர் முகம் வாடிற்று. "ஐயா, இங்ஙனம் வினாவுதல் அடியார்பால் அபசாரம் ஆகாதோ?" என்றார்.

ஆகாது என்றேன். சேக்கிழார் வாக்கு உரையளவையாம். அவர் கூறும் வாதாபிப் போர் புனைவன்று என்பதற்குச் செப்பேடே கரியாய் நிற்கின்றது. எக்கூற்று எச்சான்றின்மேல் நிற்கின்றதெனப் பிரித்துரைத்தல் அவ்வாக்கினைத் தள்ளுதல் ஆகாது. அதனை அதற்குரிய பீடத்தில் வைத்துப் போற்றுதலேயாகும். பொய்த்தூண் நிறுத்தித் தாங்கவேண்டிய நிலையில் நம் சமயம் இல்லை.

பின்னர் அவர் தம் பொருளை மூன்றாம் முறையும் மாற்றினார். சம்பந்தர் தம் திருவாக்கிலேயே பெயர் சுட்டிய அடியார் எவர், அவரைப் பற்றி அவ்விடத்துக் கூறப்பட்டது யாது என்பதே அவர் இறுதியிற் கொண்ட பொருள். ஆலவாய்ப் பதிகத்து மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும், சாத்தமங்கைப் பதிகத்து நீலநக்கரும், புகலூர் வர்த்தமானீச்சரப் பதிகத்து முருகரும் இவ்வகையினர். பதிகத்துட் கூறப்படாமை ஒன்றே ஒருவர் அக்காலத்து இலர் என்பதற்கு ஏதுவாகாது என்னும் வரம்பினையும் அவரே வகுத்துக்கொண்டார்.

அறுபத்துமூவரில் தொடங்கியது ஒரு சிலரில் வந்து நின்றதே எனச் சுற்றத்தார் இரங்கினர். யான் இரங்கினேனல்லேன். முன்னர் அவர் தாம் விரும்பியதனை மெய்ப்பிக்கப் புகுந்தார். பின்னர் உள்ளதனை அறியப் புகுந்தார். பரப்புக் குறைந்தது, ஆழம் மிக்கது. அவர் விரும்பிய பழமை கிட்டவில்லை. எனினும், ஓதிப்பழகிய பதிகங்களில் அடியார் பெயர் வருந்தோறும், உடன்வாழ்ந்தார் ஒருவர் வாய்ச்சொல்லைக் கேட்கின்றேன் என்னும் உணர்வு அவர்க்கு வாய்த்தது. அவ்வுணர்வு அளவையறியாது ஓதிய நாளில் அவர்பால் இருந்ததன்று.

ஆகலின், ஆராயப் புகும் இளைஞர் பொருளின் பெருமையை நோக்கி மயங்காது, அளவையை முன்னர்க் கற்பாராக. கொண்ட கோள் அதனால் மாறுமாயின், அம்மாற்றமே கல்வியின் முதற்பயன் எனத் தேறுவாராக.