பேய் உருவம் கேட்ட அம்மையாரும் எங்க அம்மாவும்

பதிவு கொஞ்சம் நீளம்தான், நேரம் கிடைக்கும்போது படிங்க.

அறுபத்து மூவர் வரிசைக்கு முன்னால கூட்டித் துடைச்சு விளக்கு போடுற வேலை எங்க குழுவோடது. புதுசா தொண்டுக்கு வர்ற பிள்ளைங்க அங்க நின்னு கேக்குறது ஒரே கேள்விதான். “ஆண்ட்டி, எல்லாரும் நிக்கிறாங்க, இவங்க மட்டும் ஏன் உக்காந்திருக்காங்க? ஏன் இப்படி எலும்பும் தோலுமா?”

காரைக்கால் அம்மையார். ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டு. இயற்பெயர் புனிதவதி, வணிகர் வீட்டுப் பெண். மாங்கனி கதை உங்களுக்குத் தெரியும், அதனால சுருக்கமா போறேன். கையில கனி வந்து விழுந்ததைப் பாத்த பரமதத்தன் பயந்துட்டான். இது மனுஷி இல்ல, தெய்வம்னு முடிவு பண்ணிட்டு, வாணிபம் பண்ணப் போறேன்னு கப்பல் ஏறினவன், பாண்டிய நாட்டுல இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டான். பிறந்த பெண்ணுக்குப் புனிதவதின்னே பேர் வச்சான். தேடிப் போன அம்மையார் கால்ல குடும்பத்தோட விழுந்தான்.

இங்கதான் நான் நின்னு யோசிப்பேன். அப்ப அந்தம்மா கிழவி இல்லீங்க. இளம்பெண். சேக்கிழார் பெரிய புராணத்துல அவங்க அழகை நிறைய சொல்றார். புருஷன் விட்டுட்டுப் போனது அழகு போனதால இல்ல. அழகு அப்படியே இருக்கு, அதுக்கு உரியவன்தான் இல்ல. இவனுக்காகச் சுமந்த உடம்பு இனி எனக்கு எதுக்குன்னு சிவன்கிட்ட கேட்டு, சதையை உதறிட்டுப் பேய் வடிவம் வாங்கிக்கிட்டாங்க. கயிலைக்குத் தலையால நடந்து போனாங்க. சிவபெருமான் “அம்மையே”ன்னு கூப்பிட்டார். அம்மாவை நிக்க வைக்க முடியுமா? அதனாலதான் அவங்க மட்டும் உக்காந்திருக்காங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க.

சோழர் காலத்துச் சிற்பிங்க இதை எப்படிச் செஞ்சிருக்காங்கன்னு பாருங்க. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துல ஒரு வெண்கலச் சிலை இருக்கு, 13ஆம் நூற்றாண்டு. தொங்கின மார்பு, எண்ணக்கூடிய விலா எலும்பு, கையில தாளம். படத்துல பாத்தாலே போதும். அதை அசிங்கம்னு நினைச்சு யாரும் இவ்வளவு கவனமா வார்த்திருக்க முடியாது.

சரி, எங்க அம்மா கதைக்கு வர்றேன்.

அம்மாவுக்கு 76 வயசு. கிள்ளான், காப்பார் பக்கம் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க. விடிய முன்னாடி பெரட்டுக்குப் போற காலம். அப்பவும் தலையில பூ இல்லாம லயத்தை விட்டு வெளிய வர மாட்டாங்களாம். முடி இடுப்புக்குக் கீழ தொங்கும். போன வருஷம் பல் எல்லாம் எடுக்க வேண்டியதாப் போச்சு. கன்னம் ஒட்டிப்போச்சு, முடியும் கொட்டி வகிடு அகலமாயிடுச்சு. அதுக்கப்புறம் எட்டு மாசம் கோயிலுக்கு வரல. முட்டி வலின்னாங்க, மழைன்னாங்க. ஒரு பிரதோஷத்தன்னைக்குத்தான் உண்மை வந்துச்சு.

“இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டா வரச் சொல்ற?”

நான் அம்மையார் கதையைச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு அம்மா சொன்னாங்க: “அந்தம்மா கேட்டு வாங்குனாங்க. என்னைய யாரு கேட்டா?”

எனக்குப் பதில் வரல. இன்னைக்கும் இல்ல. அழகு அழியும், ஆத்மா அழியாதுன்னு பிரசங்கத்துல ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடறோம். தினமும் கண்ணாடி பாக்குறவங்களுக்கு அது ஒரு வரி சமாச்சாரமா?

அம்மாவே இன்னொண்ணும் சொன்னாங்க. நான் கைக்குழந்தையா இருந்தப்ப காய்ச்சல் கண்டு பிழைக்க மாட்டேன்னு ஆச்சாம். முருகனுக்கு முடி காணிக்கை தர்றேன்னு நேந்துக்கிட்டாங்க. அடுத்த தைப்பூசத்துல பத்துமலை ஆத்தோரமா உக்காந்து அந்த இடுப்பு முடியை மொத்தமா இறக்கினாங்க. மொட்டைத் தலையில சந்தனம் பூசிக்கிட்டு, என்னைத் தூக்கிக்கிட்டு 272 படி ஏறினாங்க. ரெண்டு நாள்ல திரும்ப மரம் வெட்டப் போயாச்சு. “அன்னைக்கு ஒரு சொட்டு கண்ணீர் வரல. மொட்டையோட ராணி மாதிரி நடந்தேன். இப்ப சீப்புல நாலு முடி வந்தா அழுகை வருது.”

குடுத்தப்ப வலிக்காதது, தானாப் போறப்ப வலிக்குது. எத்தனையோ அக்காமார், பாட்டிமார்கிட்ட இதே வலியைப் பாத்திருக்கேன். யாரும் வாய்விட்டுச் சொல்றதில்ல. கோயிலுக்கு வர்றதை மட்டும் மெதுவா நிறுத்திடுவாங்க, நாமளும் வயசாச்சு, நடக்க முடியலன்னு நினைச்சுக்குவோம்.

உடம்புல நடக்குறதையும் தெரிஞ்சுக்கிறது நல்லது. தோலை இறுக்கமா வச்சிருக்கிற கொலாஜன்ங்கிற புரதம் வயசோட குறையும். மாதவிடாய் நின்ன முதல் 5 ஆண்டுலயே பெண்களுக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு போயிடும்னு மருத்துவ நூல்கள் சொல்லுது. பல் இல்லாத இடத்துல தாடை எலும்பு கரையும், அதனால முகத்தோட அமைப்பே மாறும். அம்மாவுக்கு இதைச் சொன்னப்ப, “அப்ப என் தப்பு ஒண்ணுமில்லையா?”ன்னு கேட்டாங்க. கேட்டதும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. இத்தனை நாளா தன் தப்புன்னே நினைச்சிருக்காங்க.

இதைச் சரி பண்றேன்னு பசார் மாலாம்ல டப்பா டப்பாவா கிரீம் விக்குது. நம்ம பெண்கள்தான் அதிகமா வாங்குறாங்க. பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்த கிரீம்களைத் தடை செஞ்சு சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப அறிவிக்குது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டப்பாவுல ‘என்.ஓ.டி.’ன்னு தொடங்குற அறிவிப்பு எண் இல்லன்னா தொடாதீங்க. எண் இருந்தாலும், தடை பண்ணின பட்டியல்ல இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்குங்க. மஞ்சள் பூசுறவங்களை நான் ஒண்ணும் சொல்லல.

அம்மாவுக்குப் பிடிச்ச நடிகை கே.பி. சுந்தராம்பாள். 1908ல பிறந்தவங்க. கணவர் கிட்டப்பா 1933ல இறந்தப்ப அவங்களுக்கு 25 வயசுதான். அதோட வெள்ளைச் சேலைக்கு மாறிட்டாங்க. பிறகு 45 வயசுல ஔவையார் படம். ஔவையாரும் பிள்ளையார்கிட்ட முதுமையைக் கேட்டு வாங்கினதாத்தானே கதை. 1973ல வந்த காரைக்கால் அம்மையார் படத்துல இளம் புனிதவதியா லட்சுமி, பேய் உருவம் வாங்கின பிறகு சுந்தராம்பாள், அப்ப 65 வயசு. அம்மா சொல்லுவாங்க: “லட்சுமி அழகுதான். ஆனா சுந்தராம்பா வாயத் திறந்தப்புறம் லட்சுமிய யாரு நெனச்சா?”

நம்ம முருகன் கதையையும் விட முடியாது. என்றும் இளையவன், முருகுன்னாலே அழகுதான். வள்ளியைத் தேடிப் போனப்ப அவரே கிழவர் வேஷம் போட்டார், வள்ளி விரட்டிட்டா! அண்ணன் பிள்ளையார் யானையா வந்துதான் காரியம் நடந்துச்சு. சாமிக்கே கிழ வேஷத்துல அவ்வளவு மரியாதைன்னா நம்ம நிலையைச் சொல்லணுமா?

நம்ம தொண்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருவிழாப் படங்களைப் பாருங்க. பட்டுப்பாவாடைப் பிள்ளைங்க, மாலை போட்ட பிரமுகர்கள். காலை 4 மணியில இருந்து அன்னதானத்துக்கு வெங்காயம் உரிச்ச பாட்டிங்க எங்க? எடுத்தாலும், யாரோ ஒருத்தர் முகத்தை வழவழன்னு ஆக்குற ஃபில்டரைப் போட்டுடறாங்க. போன நவராத்திரிக்கு அப்படி ஒரு படம் வந்துச்சு, ஒரு ஆயாவுக்குத் தன்னையே அடையாளம் தெரியல. “இது யாரும்மா?”ன்னு கேட்டாங்க. பெரியவங்களைப் படம் எடுக்கும்போது முதல்ல கேளுங்க, சரின்னா உள்ளபடி போடுங்க.

அம்மா மூணு வாரமா வர்றாங்க. பேசி மனசு மாத்தினேன்னு சொல்ல மாட்டேன். தை மாசத்துக்கு மாலை கட்ட ஆள் இல்லன்னு பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னாங்க, அம்மா எழுந்து சேலை மாத்திட்டாங்க, அவ்வளவுதான். பல் செட் இன்னும் போடல. பேசும்போது முந்தானையால வாயை மூடிக்கிறாங்க. ஆனா அந்தக் கை இருக்கே, பால்மரம் வெட்டின கை, ஒரு முழம் மல்லி கட்டி முடிக்கிறதுக்குள்ள நாங்க பத்துப் பூ கோத்திருக்க மாட்டோம். படம் எடுக்கட்டுமான்னு கேட்டேன். கையை மட்டும் எடுன்னுட்டாங்க. கீழ போட்டிருக்கேன்.

வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு மண்டபத்துல பூ கட்டுறோம். நாற்காலி போட்டிருக்கோம், கீழ உக்கார முடியாதவங்களும் வரலாம். கத்தரிக்கோல் மட்டும் கொண்டு வாங்க, நார் நாங்க நனைச்சு வச்சிருப்போம். வீட்டுல வரமாட்டேன்னு இருக்கிற பாட்டிமாரையும் கூட்டிட்டு வாங்க.