தராசுக்கு முன்னால்

வலையிலிருந்து கழற்றிய நண்டு பெட்டிக்குப் போகிறது. பெட்டி தராசுக்குப் போகிறது. இடையில் சில நிமிடங்கள் கிடைக்கும். நண்டு வாங்கும் கம்பெனியின் ஆள் ஐஸ் உடைத்துக்கொண்டிருப்பார், படகுக்காரர் சட்டையைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு டீக்கு ஆள் அனுப்பியிருப்பார். பாக் விரிகுடாவில் நண்டு எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு பிடிக்கலாம் என்று அறிக்கைகளில் வரும் பெரிய கணக்குகளுக்கெல்லாம் முதல் எண் அந்தச் சில நிமிடங்களில்தான் விழுகிறது. அதுவும் இன்னொருவர் பொருளைக் கையில் வாங்கி, அளந்துவிட்டு, கால் ஒடியாமல் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

அந்த வேலையைப் பார்க்கத்தான் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் உள்ள ஒரு கரைக்குப் போயிருந்தேன். கிழக்குப் பார்த்த கரை. காற்று ஓய்ந்திருந்ததால் அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சேறு கலந்த மணல். இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். வத்தைகளும் பைபர் வள்ளங்களும் எட்டவே நங்கூரம் போட்டு நிற்க, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் தண்ணீரில் நடந்து வந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் விரித்து விடியலில் எடுத்த தங்கூஸ் வலை. காலும் கொடுக்கும் கண்ணியில் பின்னி, ஒவ்வொரு நண்டும் ஒரு சிடுக்காகக் கிடந்தது. அதைக் கழற்றுவது பெண்கள் பாடு. ஓலைக் கொட்டகை நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, பின்பக்கமாகப் பிடித்து, கொடுக்கை மடக்கி, இரண்டு இழையை விலக்கி, எடுத்துப் போட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுகிறார்கள். கையைப் பார்ப்பதே இல்லை.

அளக்க வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மீன்வளத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவி. இன்னொருவர் வெகுகாலமாகக் கரை கரையாக அலைந்து மீன்வரத்து எழுதும் களப்பணியாளர். அவர் பெயர் கரையில் யாருக்கும் தேவைப்படவில்லை. 'கணக்கு சார்' என்றால் தெரிகிறது.

மாணவி ஒரு கூடையை அப்படியே தார்ப்பாயில் கவிழ்த்தார். மேலாகக் கிடப்பதை நாலு எடுத்து அளந்தால் ஆகாதா என்று கேட்டேன். "கை தானா பெருசுக்குத்தான் போகும் சார். அப்புறம் கடல்ல எல்லாமே பெரிய நண்டுன்னு ஆயிரும்" என்றார். ஒன்றை எடுத்து மல்லாத்தினார். வயிற்றோடு மடிந்து கிடக்கும் மடலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆணுக்கு அது ஒடுங்கிக் கூர்ந்திருக்கும். பருவம் வராத பெண்ணுக்கு முக்கோணமாக நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். நகத்தை விட்டு நெம்பினாலும் பிரியாது. பருவம் வந்த பெண்ணுக்கு அரைவட்டமாக அகன்று, தொட்டதும் திறந்துகொள்ளும். முட்டை சுமக்கப்போகும் இடம் அதுதான். பிறகு நண்டைத் திருப்பி, ஓட்டின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய முள்ளின் நுனியிலிருந்து நுனிக்கு வெர்னியர் காலிப்பரை வைத்தார்.

"நூத்திப் பதினெட்டு. பொம்பள. தெறந்திருக்கு. முட்டை இல்ல."

கணக்கு சார் அட்டையில் செருகிய தாளில் எழுதிக்கொண்டார். அடுத்ததற்கு ஒரு பக்க முள் ஒடிந்திருந்தது. அதன் அகலம் கணக்கில் வராது, எடை மட்டும். அதற்கடுத்தது நீலம் தெறிக்கும் ஆண், காலிப்பரையே கொடுக்கால் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. கொட்டகையில் சிரிப்பு.

இவ்வளவு சிரமப்பட்டு அகலம் அளப்பதற்குக் காரணம் இருக்கிறது. மீனின் தலைக்குள் செவிக்கல் என்று ஒரு சிறு கல் உண்டு. அதை அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் வளையம் தெரியும். எண்ணி வயதைச் சொல்லலாம். வெப்பக் கடல் மீன்களில் அந்த வளையம் அவ்வளவு தெளிவாக இருக்காது என்றாலும் கல் என்று ஒன்றாவது உள்ளே தங்குகிறது. நண்டும் இறாலும் அப்படியல்ல. வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றும்போது வயதின் அடையாளமும் ஓட்டோடு போய்விடும். நண்டின் இரைப்பைக்குள் அரைக்கும் சிறு எலும்பு போன்ற பாகங்களில் வளையம் இருக்கிறது என்று 2012-ல் கனடா ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஓடு கழலும்போது அதுவும் சேர்ந்து கழன்றுவிடாதா என்று மற்றவர்கள் கேட்க, விவாதம் இன்னும் ஓடுகிறது.

ஆகவே கரையில் செய்ய முடிந்தது ஒன்றே. மாதாமாதம் நிறைய நண்டை அளந்து, எந்த அகலத்தில் எத்தனை என்று வரைபடம் போட வேண்டும். ஒரே காலத்தில் பிறந்த கூட்டம் அதில் ஒரு மேடாகத் தெரியும். அந்த மேடு அடுத்த மாதம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் வளர்ச்சி. பெரிய அகலத்துப் பக்கம் மேடு எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்று பார்த்தால் சாவு. இயற்கையாகச் செத்தது, வலையில் செத்தது இரண்டும் சேர்ந்த சாவு. பெண் நண்டுகளில் பாதி எந்த அகலத்தில் பருவத்துக்கு வருகின்றன என்பதும் அந்த மடலைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிகிறது. ஒரு முறையாவது முட்டையிட்ட பிறகு பிடிபடுகிறதா, அதற்கு முன்பா என்பதுதான் மீன்வள அறிவியலின் அடிப்படைக் கேள்வி. மீதி எல்லாம் அதன் மேல் கட்டிய கணிதம்.

இடையில் ஒரு வகைப்பாட்டுச் சிக்கலும் உண்டு. போர்ட்டூனஸ் பெலாஜிகஸ் என்று ஒரே பெயரில் கிடந்த நீலக்கால் நண்டை 2010-ல் நான்கு இனமாகப் பிரித்துவிட்டார்கள். வங்காள விரிகுடாவில் அதில் ஒன்றுக்கு மேல் இருப்பதால், பழைய கட்டுரையின் எண்ணையும் புதிய கட்டுரையின் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட முடியாது. கொட்டகையில் இருந்த பெண்களுக்கு இது தேவையில்லாத சங்கதி. முதுகில் மூன்று புள்ளி இருந்தால் ஒரு கூடை, சிலுவைக்குறி இருந்தால் ஒரு கூடை, நீலக்கால் தனிக்கூடை. விலைதான் வேறு.

பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுத்தியது. இந்தக் காலிப்பர் அளப்பது கடலை அல்ல. அந்த வலை எதைப் பிடித்ததோ அதை. கண்ணி அகலமான வலையில் சின்ன நண்டு நழுவிவிடும், வரைபடத்திலும் வராது. சின்ன நண்டே கடலில் இல்லை என்று அதற்குப் பொருளல்ல. கணக்கு சாரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல், கழற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போனார். "அக்கா, கொழம்புக்கு எவ்வளவு எடுத்து வச்சீங்க?" அந்த அக்கா முந்தானைக்குப் பக்கத்தில் இருந்த அலுமினியச் சட்டியைத் திறந்து காட்டினார். கம்பெனி வாங்காத பொடி நண்டு. அதையும் எடை போட்டு, தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். தராசில் ஏறாத நண்டைத் தேடிப் போய் எழுதுகிறவர்தான் நல்ல கணக்கர் என்று எனக்குப் பட்டது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், கூச்சமில்லாமல் கேட்கத் தெரிய வேண்டும்.

தேடிப் போனாலும் எளிதில் அகப்படாத நண்டு வேறொரு இடத்தில் இருக்கிறது. விசைப்படகுகள் வந்து சேரும் ஒரு துறைக்கு இன்னொரு நாள் கணக்கு சார் என்னை அழைத்துப்போனார். இழுவைமடியில் இறாலும் நல்ல மீனும் பொறுக்கியது போக மிச்சம் சங்காயம். குவியல் குவியலாகக் கொட்டி, கோழித்தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் விற்கிறார்கள். குவியலின் நாலு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பிடி அள்ளி ஒரு தட்டில் பரப்பினார். பாதி பொடிக்காரல். மிச்சத்தில் விரல் நீள நாக்குமீன், சின்னப் பேத்தை, கடல்புல் துணுக்கு, நசுங்கிய கணவாய்க்குஞ்சு. அதற்கடியில் ஐந்து ரூபாய் நாணய அளவில் நண்டுகள். ஒன்றை எடுத்துக் கையில் வைத்தேன். ஓடு இன்னும் கண்ணாடிபோல மெல்லிசு, ஆனால் பக்கத்து முள் இரண்டும் முழுசாக முளைத்திருந்தது. இதே நண்டு வளர்ந்து நீலக்கால் வலையில் விழுந்திருந்தால் கம்பெனி வண்டியில் ஏறி, அவிந்து, டப்பா இறைச்சியாக அமெரிக்கா போயிருக்கும். இங்கே கிலோக்கணக்கில் கோழிக்கு. சூழலியல் எல்லாம் அப்புறம். வெறும் வியாபாரக் கணக்கிலேயே இது நஷ்டம். வருகிற நஷ்டம் வேறொருவர் தலையில் விழுவதால்தான் தொடர்கிறது.

இந்தக் கணக்கெடுப்பு முறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதற்கும் இதே ராமநாதபுரம் கடற்கரைக்கும் தொடர்பு உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கியது. கொச்சிக்கு மாறும் முன் பல ஆண்டுகள் அதன் தலைமையகம் மண்டபம் முகாமில்தான் இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளைத் தடுத்து நிறுத்திச் சோதித்த அதே முகாம். நாட்டின் எல்லாக் கரைகளிலும் எல்லா நாளும் ஆள் நிறுத்த முடியாது. 2010 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மட்டும் 407 இறங்குதளங்கள். அதனால் கரைகளை மண்டலமாகப் பிரித்து, சீட்டுக் குலுக்குவதுபோல் தளத்தையும் நாளையும் தேர்ந்தெடுக்கிறார்கள். போன இடத்தில் முதல் நாள் பகல் 12 முதல் மாலை 6 வரை, மறுநாள் காலை 6 முதல் 12 வரை நேரில் பார்ப்பது. நடுவில் இரவு வந்ததை விசாரித்து எழுதுவது. 15 படகுக்குள் என்றால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கூடக்கூட இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று. செய்தித்தாளில் 'இந்த ஆண்டு மீன்வரத்து இத்தனை லட்சம் டன்' என்று ஒரு வரியில் படிக்கிறோமே, அது இப்படிக் கரையில் நின்றவர்களின் தாள்களைப் பெருக்கி வந்தது. ஆய்வுக்கட்டுரையின் நன்றியுரையில்கூட பல நேரம் இவர்கள் பெயர் இருப்பதில்லை என்பது எனக்கு ஏற்பாக இல்லை.

டன் மட்டும் தெரிந்தால் போதாது; எவ்வளவு உழைத்துப் பிடித்தது என்பதும் வேண்டும். அன்று நண்டுக் கரையில் அதைக் கேட்கும்போதுதான் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி வாயைத் திறந்தார். அறுபதைத் தாண்டியவர். அதுவரை தராசுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பாரு அஞ்சு துண்டு வலையோட போவாரு. நான் இப்ப நாப்பது துண்டு போடுறேன். பாடு ஒண்ணுதான்."

"அப்ப நண்டு குறைஞ்சு போச்சுங்கிறீங்களாய்யா?" என்றார் மாணவி.

"குறையலம்மா. பங்கு கூடிப்போச்சு."

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. படகு பெருகினால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது குறையும். கடலில் இருப்பு குறைந்தாலும் குறையும். எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டத்தான் வலையின் நீளம், ஊறிய நேரம், போன பாகம் எல்லாவற்றையும் கேட்டு எழுதுகிறார்கள். மொத்த வரத்து மட்டும் பார்த்தால் எட்டு மடங்கு வலை போட்டு அதே கூடை வருவது நல்ல செய்தியாகத் தெரியும்.

முட்டை நண்டில்தான் பேச்சு சூடானது. தார்ப்பாயில் மூன்று நாலு கிடந்தன. ஒன்றின் மடலுக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் பஞ்சுபோல் முட்டை, இன்னொன்றில் கரும்பழுப்பு. ஆரஞ்சு என்றால் புதிதாக இட்டது. உள்ளே கரு வளர்ந்து, மஞ்சள் தீர்ந்து, கண் வைத்ததும் கறுக்கும். கறுத்தது பொரிய ஒன்றிரண்டு நாள்கூட ஆகாது. ஒரு நண்டின் மடலுக்கடியில் லட்சக்கணக்கான முட்டை. கூடிய ஒரே முறையில் வாங்கிய விந்தைச் சேமித்துவைத்து, பெண் நண்டு அடுத்தடுத்தும் முட்டையிடும். ஆகவே ஒரு பெண் கூடுதலாகச் சில வாரம் கடலில் இருந்தால் கணக்கே மாறும்.

முட்டை நண்டைக் காக்க உலகத்தில் ஆளுக்கொரு வழி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பெண் நண்டையே தொடக்கூடாது. இந்தோனேசியா 2015-ல் முட்டை நண்டையும் பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் பிடிக்கத் தடை போட்டது. எதிர்ப்பு வந்து பிறகு திருத்தியும் வந்தார்கள். தாய்லாந்துக் கடலோர ஊர்களில் 'நண்டு வங்கி' வைத்து, முட்டை நண்டைக் கூண்டிலோ தொட்டியிலோ விட்டு, பொரித்த பிறகு தாயை விற்கிறார்கள். எனக்குப் பிடித்தது தாய்லாந்து வழி. மீனவருக்கு நண்டின் விலை போவதில்லை. பொரிந்த குஞ்சில் எத்தனை பிழைத்து வலைக்கு வருகிறது என்பதை நிரூபிப்பது கடினம் என்பதும் மெய்தான்.

"கறுத்த முட்டையா இருந்தா விட்டுறலாமேய்யா?" மாணவி மெதுவாகத்தான் கேட்டார்.

"விடலாம். நான் விட்டதை ராத்திரி இழுவைமடி அள்ளிட்டுப் போகும். அப்ப நான் எதுக்கு விடணும்?"

இதற்குப் பதில் சொல்லக் கூட்டத்தில் யாரும் இல்லை. சட்டம் இருக்கிறது. 1983-ன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையோரக் கடல் நாட்டுப்படகுக்கு உரியது. இந்தப் பகுதியில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்று பங்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். ஆனால் நண்டு கிட்டத்தட்ட வருஷம் முழுக்க முட்டையிடுவது. இரண்டு மாத ஓய்வு அதற்கு ஓரளவுக்குத்தான் உதவும். மீதிப் பத்து மாதத்துக்கு அந்தக் கரையோரக் கோடு நிஜமாகவே கோடாக இருந்தாக வேண்டும்.

கம்பெனி ஆள் ஐஸ் வேலையை முடித்துவிட்டுக் குரல் கொடுத்தார். மாணவி கடைசி நண்டை அளந்து பெட்டியில் போட, பெட்டி தராசில் ஏறியது. சம்மாட்டி எடையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"போன மாசமும் வந்து அளந்துட்டுப் போனீங்க. என்னா வந்துச்சு?"

மாணவி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வரைபடத்தைக் காட்டினார். மேடு எங்கே இருக்கிறது, பருவம் வரும் அகலம் எங்கே இருக்கிறது என்று விரலால் கோடு போட்டுச் சொன்னார். சம்மாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கழற்றிக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்றார்கள்.

"இது நம்ம வலையில வந்ததா?"

"ஆமாய்யா. இந்தக் கரையில அளந்தது மட்டும்."

"சங்காயத்துல கெடக்குறதையும் அளந்து, ரெண்டையும் ஒரே தாள்ல போட்டுக் கொண்டாம்மா. எங்க சங்கத்துல ஒட்டிவைக்கிறேன். முட்டை நண்டைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

கணக்கு சார் தாளின் மேலே அடுத்த மாதத் தேதியை எழுதி, அதற்குப் பக்கத்தில் 'விசைப்படகுத் துறை – நண்டு, தனியாக' என்று குறித்துக்கொண்டார்.